பள்ளிக்கூடம் பிடிக்காதவர் கட்டிய கல்லூரி

கோயம்புத்தூரில் அவிநாசி சாலை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறியவர்களுக்கு ஒரு நிறுத்தம் நன்றாகத் தெரியும். ஹோப் காலேஜ் என்பார்கள். ஹோப்ஸ் என்று சுருக்கியும் சொல்வார்கள். டிக்கெட் வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைத் தினமும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரில் இன்று கல்லூரி எதுவும் கிடையாது.

ஹோப் என்பவர் ஒரு வெள்ளைக்காரர். சர் ஆர்தர் ஹோப். 1940 முதல் 1946 வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். கல்லூரிக்குப் பெயர்தான் அவருடையது. அதைத் தோற்றுவிக்க முன்னின்றவர் கோவை மாவட்டத்து விவசாயி ஒருவரின் மகன். பள்ளிக்கூடத்தில் சரியாகப் படிக்காதவர். படிக்கப் பிடிக்காதவர் என்றே சொல்லிவிடலாம்.

அவர்தான் ஜி. டி. நாயுடு.

மணலும் உபாத்தியாயரும்

கோவைக்குக் கிழக்கே, சூலூர் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி அவர் பிறந்தார். முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். தகப்பனார் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பலகையும் நோட்டும் ஏது? தரையில் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுதிப் படிக்க வேண்டும். துரைசாமி அந்த மணலை அள்ளி உபாத்தியாயர் முகத்திலேயே வீசினார் என்று கோவைப் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அதோடு படிப்பு முடிந்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை என்பார்கள். பையனைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டாரே தவிர, அவர் படிப்பை விடவில்லை. கையில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் தாமாகவே படித்தார். பிற்காலத்தில் புத்தகங்களை வாங்கிக் குவித்தார். ஒருவர் சொல்லிக்கொடுக்க, தாம் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் அவருக்கு ஆகாது.

சாலையில் வந்த மோட்டார் சைக்கிள்

வாலிப வயதில் ஒரு நாள் அவர் ஓர் அதிசயத்தைக் கண்டார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. வண்டி தானே ஓடுகிறது! கோவைக் கிராமங்களில் அப்போது அது யாரும் பார்த்திராத காட்சி.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று மனம் துடித்தது. கையில் காசு இல்லை. ஊரை விட்டுக் கோவைக்கு நடந்தார். ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார், சோறு பரிமாறினார், சம்பளத்தைச் சேர்த்து வைத்தார். முன்னூறு ரூபாய் சேர்ந்ததும் அந்த அதிகாரியிடமே போய் வண்டியை வாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்து பெருமை அடித்திருக்கலாம். அவர் செய்தது வேறு. வண்டியைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டார். பிறகு ஒவ்வொன்றாக மாட்டினார். எந்தச் சாமான் எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுழற்றுகிறது, எண்ணெய் எங்கே போகிறது, நெருப்பு எங்கே பிடிக்கிறது என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்றுக்கொண்டார்.

அது ரட்ஜ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் வண்டி. அவர் படித்த எஞ்சினீயரிங் கல்லூரி அதுதான். அதில் வாத்தியாரும் அவரே, மாணவரும் அவரே.

ஸ்டேன்ஸ் துரையின் கை

அதற்குப் பிறகு அவர் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். திருப்பூரில் நல்ல லாபம் கிடைத்தது. அந்தத் துணிச்சலில் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குப் போனார். அங்கே சம்பாதித்ததை எல்லாம் இழந்தார். வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது அவருக்குக் கை கொடுத்தவர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் ஸ்டேன்ஸ் என்ற பெயரைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. 1862-ல் பள்ளிக்கூடம் தொடங்கியவர். பஞ்சாலையும் வைத்தவர். பள்ளிக்கூடமும் ஆலையும் ஒருவருடைய கையிலேயே இருக்கலாம் என்று கோவைக்கு முதலில் காட்டியவர் அவர்தான் என்றாலும் தப்பில்லை.

இந்த வாலிபரின் கைத்திறமையை அவர் கண்டுகொண்டார். ஒரு பஸ் வாங்கப் பணம் கொடுத்து உதவினார். படித்துப் பெற்ற சர்டிபிகேட் ஒன்றுகூட நாயுடுவிடம் கிடையாது. ஸ்டேன்ஸ் பார்த்தது காகிதத்தை அல்ல, கையை.

1920-ம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றைப் பஸ் ஓடத் தொடங்கியது. பழனிமலைக்குப் போகும் பக்தர்களுக்குக் கொண்டாட்டம். டிரைவர் யார்? நாயுடுதான். வழியில் வண்டி நின்றுவிட்டால் அடியில் படுத்துப் பழுது பார்க்கும் மெக்கானிக்கும் அவரேதான்.

பஸ் கம்பெனிக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஒரு பஸ் பல பஸ்கள் ஆயிற்று. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று கம்பெனிக்குப் பெயர். யு.எம்.எஸ். என்றால் கோவை ஜில்லாவில் சிறு பிள்ளைக்கும் தெரியும். 1930-களில் இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் அந்தப் பெயரைத் தாங்கி ஓடின. நேரம் தவறாமல் ஓடும் பஸ் என்று அதற்கு ஒரு நற்பெயர்.

நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்றால் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. அன்றைய சாலைகளோ கல்லும் புழுதியும். டயர் கிழியும். ஸ்பிரிங் பட்டை ஒடியும். எஞ்சினுக்குள் கரி படியும்; அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். வால்வு தேயும், அதை அரைத்துப் பொருத்த வேண்டும். பேரிங் போனால் புதிதாக வரவழைக்கச் சீமைக்குக் கடிதம் எழுதி மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் தூங்கும். நஷ்டம் யாருக்கு?

ஆகவே பஸ் முதலாளி பட்டறையும் வைத்தாக வேண்டும். பட்டறை வைத்தால் ஆள் வேண்டும். இந்த வேலைகள் தெரிந்த ஆட்கள் அன்று கோவையில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏர் பிடித்த கைகளும் தறி ஓட்டிய கைகளும்தான் இருந்தன. அந்தக் கைகளுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பஸ் கம்பெனிப் பட்டறையில் ஒருவன் வேலை கற்கும் முறையை நினைத்துப் பாருங்கள். முதலில் சாமான் துடைப்பான். பிறகு நட்டு கழற்றுவான். பெரிய மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்ப்பான். ஒரு நாள் தானே செய்வான். செய்தது சரியா தப்பா என்று மறுநாள் காலை பஸ் சொல்லிவிடும். ஓடினால் பாஸ், நின்றால் பெயில். அங்கே அதற்கு மேல் ஒரு பரீட்சை தேவையில்லை.

நாயுடுவின் மனத்தில் கல்வியைப் பற்றிய எண்ணம் இந்தப் பட்டறையில்தான் உருவாகியிருக்க வேண்டும். தாம் கற்றதும் இப்படித்தான். தம்மிடம் வேலை செய்தவர்கள் கற்றதும் இப்படித்தான்.

பைக்காராவிலிருந்து வந்த வேலை

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. மலையிலிருந்து மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்தது. பஞ்சாலைகள் ஒன்றன் பின் ஒன்றாக எழுந்தன. கிணற்றில் கவலை இறைத்த இடத்தில் மின்சாரப் பம்பு வந்தது. ஆலைக்கும் பம்புக்கும் மோட்டார் வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து வந்தது.

பீளமேட்டில் நேஷனல் எலக்டிரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலை ஏற்பட்டது. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அதில் முன்னின்றவர்கள். 1937-ல் அங்கிருந்து மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார்களில் ஒன்று அது. பாலசுந்தரம் பிற்பாடு டெக்ஸ்டூல் கம்பெனியை வளர்த்துப் பெரும் பெயர் பெற்றார்.

அதே பீளமேட்டில் இன்னொரு முயற்சியும் நடந்துகொண்டிருந்தது. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் நால்வர். குடும்பச் சொத்தை நாலு பங்காகப் பிரிப்பதற்குப் பதில் ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு! அந்தத் தர்மத்திலிருந்து 1926-ல் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் பிறந்தது. அங்கே தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள், யந்திரமும் செய்து விற்றார்கள். பள்ளியும் தொழிற்சாலையும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன.

இப்படி ஊரே ஒரு பட்டறையாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் எஞ்சினீயரிங் படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் சென்னைக்கு, கிண்டிக்குத்தான் ரயில் ஏற வேண்டும். அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒரு கோவை விவசாயி தம் பையனை அத்தனை தூரம் அனுப்பி, அத்தனை வருஷம் செலவு செய்வது சுலபமா?

நாயுடு இதற்கிடையே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்தார். ஜெர்மனியின் தொழிற்சாலைகளைப் பார்த்தார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம் பிடித்தார். சின்ன மோட்டாரால் ஓடும் சவரக் கருவி ஒன்றைச் செய்து, அதற்கு ரேஸண்ட் என்று பெயர் வைத்தார். மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் யந்திரம் என்று அவர் கையிலிருந்து வந்தவற்றைச் சொல்லப் புகுந்தால் இந்தப் பக்கம் போதாது. அவற்றைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டார்கள். அவர் செய்த கல்லூரியைப் பற்றித்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1945

இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம். போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சம். நாட்டில் பல பஸ்கள் கரிவாயுவில் ஓடின. பிட்டர், டர்னர், எலக்டிரீஷியன் என்று தொழில் தெரிந்தவர்களுக்கு எங்கும் கிராக்கி. போர் முடிந்ததும் நாட்டில் புதுப்புதுத் தொழில்கள் வரும், அவற்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

நாயுடு முன்வந்தார். 1945-ல் அவருடைய முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் எஞ்சினீயரிங் கல்லூரியும் ஏற்பட்டன. கவர்னரின் பெயரை வைத்தார்கள். சர்க்காரின் ஆதரவு இல்லாமல் கல்லூரி நடக்காத காலம் அல்லவா?

அந்தக் கல்லூரிக்குப் பிரின்சிபாலாக உட்கார்ந்தவர் நாயுடுவே! மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒருவர் எஞ்சினீயரிங் கல்லூரியின் தலைவர். பட்டம் பெற்றவர்கள் அவருக்குக் கீழே. இப்படி ஒரு வினோதம் அதற்கு முன்பும் அபூர்வம். இனி நடக்கவே நடக்காது.

இதில் வினோதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வேலை கொடுக்கிறவர் ஒரு பக்கம், படிப்புச் சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு பக்கம், பட்டம் கொடுக்கிற சர்க்கார் ஒரு பக்கம் என்று மூவரும் தனித்தனியே நின்றால் நடுவில் தவிப்பவன் மாணவன். பாஸ் செய்தவனுக்கு வேலை தெரியாது. வேலை தெரிந்தவனிடம் பாஸ் செய்த காகிதம் இராது. தொழில் நடத்தும் ஒருவரே கல்லூரிக்குள் வந்து உட்கார்ந்தால் இந்த இடைவெளி குறையும் அல்லவா?

நாலா, இரண்டா?

தகராறு வந்தது வருஷக் கணக்கில்.

எஞ்சினீயரிங் படிப்பு நாலு வருஷம் என்பது சர்க்கார் முறை. நாயுடு அதை ஒப்பவில்லை. நாலு வருஷம் வீண். இரண்டே வருஷம் தாராளமாகப் போதும் என்றார். வாதத்தோடு நிற்கவில்லை. குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளை நடத்திக் காட்டினார். ரேடியோ, மோட்டார் வண்டி போன்ற தொழில்களைச் சில வாரங்களிலேயே கற்றுக்கொடுத்துவிட முடியும் என்பது அவர் கட்சி.

சர்க்கார் இணங்கவில்லை. நாயுடுவும் இறங்கி வரவில்லை. தாம் பாடுபட்டுத் தோற்றுவித்த கல்லூரியின் பொறுப்பை ராஜினாமாச் செய்துவிட்டு வெளியே வந்தார்.

யார் கட்சி சரி? இன்றும் எஞ்சினீயரிங் பட்டப் படிப்பு நாலு வருஷம்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. பழுதான ரேடியோவைச் சரி செய்ய ஒரு புத்திசாலிப் பையனுக்குச் சில வாரங்கள் போதும். ஆனால் பாலம் கட்டுகிறவருக்கு அது போதாது. எத்தனை பாரம் ஏறினால் எந்தத் தூண் விரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை மோட்டார் சைக்கிளைப் போலக் கழற்றி மாட்டிக் கற்க முடியாது. இடிந்து விழுந்த பிறகு கற்றுக்கொள்வதற்கு அது பஸ் எஞ்சினும் அல்ல. நாயுடு தம்மைப் போலவே எல்லோரையும் நினைத்துவிட்டார். அவரைப் போல ஒரு சாமானைப் பார்த்ததும் அதன் சூட்சுமத்தைப் பிடித்துக்கொள்கிற கண் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும்.

அதே சமயம் அவர் பேச்சைத் தள்ளிவிடவும் முடியாது. நாலு வருஷம் என்பது ஒரு ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய காலம்! பையன் சம்பாதிக்காமல் இருக்கும் ஒவ்வொரு வருஷமும் தகப்பன் தலையில் கடன். அந்த நாலு வருஷத்திலும் அவன் யந்திரத்தைத் தொட்ட நேரம் எத்தனை, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் எத்தனை என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதானே? சர்க்கார் அவருடைய இரண்டு வருஷத்தை ஒப்பாமல் இருந்தது சரியாகவே இருக்கலாம். அவருடைய கேள்வியையும் சேர்த்துத் தள்ளியதுதான் நஷ்டம்.

கேள்வி எப்படியோ வேறு வழியில் திரும்பி வந்தது. 1950-ல் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டம் நாடு முழுவதும் தொடங்கியது. இன்று ஐ.டி.ஐ. என்று நாம் அழைக்கும் பள்ளிகள் அதில் வளர்ந்தவை. 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. தொழிற்சாலைகள் தங்கள் செலவில் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சியாளர்களை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. பீளமேட்டில் 1951-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பிற்காலத்தில் சாண்ட்விச் கோர்ஸ் என்ற படிப்பு வந்தது. கொஞ்ச காலம் வகுப்பு, கொஞ்ச காலம் தொழிற்சாலை என்று மாறி மாறிப் படிக்கும் முறை. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய்கறி வைப்பது போலப் படிப்புக்கு நடுவே வேலை.

கல்லூரி நின்றது

நாயுடு வெளியேறினாலும் கல்லூரி மூடப்படவில்லை. சர்க்காரின் கையில் அது வளர்ந்தது. பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறியது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., என்று இன்று நாம் அறிந்திருப்பது அதுவே. பழைய இடத்தில் பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் தங்கிவிட்டது.

நாயுடு தம் பட்டறைக்குத் திரும்பினார். அங்கேயும் சர்க்காரோடு மோதல் ஓயவில்லை. 1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய சிறிய கார் ஒன்றைச் செய்தார். விலை இரண்டாயிரம் ரூபாய்தான். லைசென்ஸ் கிடைக்காததால் அது பட்டறையோடு நின்றது. வரி விஷயத்திலும் அவருக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு.

அவர் பிடிவாதக்காரர். பிறர் சொல் கேட்காதவர். உபாத்தியாயர் மேல் மணல் வீசிய அந்தச் சிறுவன் கடைசி வரை அவருக்குள் இருந்தான். ஆனால் இளைஞர்கள் கற்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் தளரவில்லை. தாம் செய்தவற்றையும் உலகமெங்கும் சேகரித்தவற்றையும் கோவையில் கண்காட்சியாக வைத்தார். பொத்தானை அழுத்தினால் யந்திரம் எப்படி ஓடுகிறது என்று பிள்ளைகள் நேரில் பார்க்கலாம்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி அவர் காலமானார்.

2025-ல் அவிநாசி சாலையில் பத்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஹோப்ஸ் நிறுத்தத்தின் வழியாகத்தான் அந்தப் பாலமும் போகிறது. அதே சாலையில் உள்ள அவருடைய காட்சிசாலையில், ஓட்டலில் பரிமாறிச் சேர்த்த காசில் வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.